முதலில் வாங்குவது ஓர் அறை

(இசையமைக்கத் தொடங்கும் இளைஞர்களுக்காகச் நவி மும்பை சான்பாடாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எந்த ஆர்கெஸ்ட்ரா லைப்ரரியை, அதாவது கணினியில் கீபோர்டால் வாசிக்கும் வாத்தியப் பதிவுகளின் தொகுப்பை, முதலில் வாங்குவது என்று கேட்டு என்னை அழைத்திருக்கிறீர்கள். ஒரு பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். டீ ஆறுவதற்குள் கூட்டம் முடிந்துவிடும். பெயரும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அந்தப் பெயர் இன்னும் சில வருஷத்தில் பழசாகிவிடும். நீங்கள் வாங்குவது உண்மையில் என்ன என்று தெரிந்துகொண்டால், அப்போது வரும் புதுப் பெயரையும் நீங்களே எடைபோட்டுக்கொள்வீர்கள்.

நீங்கள் வாங்குவது ஓர் அறை. மும்பையில் வந்து அறை வாங்கச் சொல்கிறானே என்று பயப்பட வேண்டாம், இதற்குப் பாகடிப் பணம் கிடையாது, புரோக்கரும் கிடையாது. ஆனால் தாராவியில் கோலி என்ற ஒற்றை அறை வாங்குகிறவர் எதைப் பார்ப்பாரோ அதையே இங்கும் பார்க்க வேண்டும்: சுவர் எங்கே இருக்கிறது, பக்கத்தில் யார், பின்னால் மாற்ற முடியாதது எது.

கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். 1963-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் மெல்லட்ரான் என்று ஒரு கருவி வந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த நாடா. கட்டையை அமுக்கினால் யாரோ எப்போதோ வாசித்த வயலின் ஓடும். எட்டு விநாடியில் நாடா தீர்ந்துவிடும். விரலை எடுத்து மறுபடி அமுக்க வேண்டும். 1979-இல் சிட்னியிலிருந்து ஃபேர்லைட் வந்தது. நாடா போய் எண்கள் வந்தன. அந்தக் கருவியோடு வந்த ஒலிகளில் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஃபயர்பேர்ட்' பதிவிலிருந்து கிள்ளியெடுத்த ஓர் ஆர்கெஸ்ட்ரா அடியும் இருந்தது. 80களின் பாப் பாட்டுகளில் திடீரென்று 'டாண்' என்று விழுமே, அதுதான். ஸ்ட்ராவின்ஸ்கி 1910-இல் எழுதியது, எழுபது ஆண்டு கழித்து ஒரு கட்டைக்குள் அடங்கிவிட்டது.

இன்று நாம் லைப்ரரி என்று சொல்வது வியன்னாவில் உருவெடுத்தது. வியன்னா பில்ஹார்மானிக்கில் செல்லோ வாசித்திருந்த ஹெர்ப் டுக்மாண்டல் 2000-இல் வியன்னா சிம்ஃபானிக் லைப்ரரி நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவரை ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே பதிந்து அடுக்கினார்கள். செல்லோக்காரரான அவருக்கு அது போதவில்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியையும் பதிய வேண்டும் என்றார். ச-விலிருந்து ப-வுக்கு வில் எடுக்காமல் போவது ஒரு பதிவு, ச-விலிருந்து ம-வுக்குப் போவது இன்னொரு பதிவு. இப்படிக் கீழிருந்து மேல், மேலிருந்து கீழ், மெதுவாக, அழுத்தமாக என்று ஆயிரக்கணக்கில். லெகாட்டோ என்று இன்று எல்லா விளம்பரத்திலும் வரும் சொல்லுக்குப் பின்னால் இருப்பது இந்த உழைப்பு. இதைச் செய்வதற்கென்றே வியன்னா அருகே ஒரு தனி மேடை கட்டினார்கள், எதிரொலி ஏறக்குறைய இல்லாதபடி. சைலன்ட் ஸ்டேஜ் என்று பெயர்.

2003-இல் அமெரிக்க நிறுவனமான ஈஸ்ட்வெஸ்ட் நேர் எதிராகச் செய்தது. வாத்தியக்காரர்களை ஒரு நிஜக் கச்சேரி அரங்கில் உட்கார வைத்துப் பதிந்தது. பக்கத்தில் ஒரு மைக், மேடைக்கு ஒன்று, அரங்கத்தின் தூரத்தில் ஒன்று. 2007-இல் லண்டனில் தொடங்கிய ஸ்பிட்ஃபயர் நிறுவனம் அந்த வழியிலேயே இன்னும் தூரம் போனது. ஹாம்ஸ்டெட்டில் ஒரு பழைய தேவாலயம் ஏர் ஸ்டுடியோவாக மாறியிருக்கிறது, அங்கே பதிந்தார்கள். கூரை உயரம். ஒரு சுரத்தை வாசித்து நிறுத்தினால் அது மேலே போய்ச் சுற்றிவிட்டுத்தான் இறங்கும். ஹாலிவுட் படம் பார்க்கும்போது நெஞ்சு விரிகிறதே, அதில் பாதி வாசித்தவர்களுடையது, பாதி அந்தக் கூரையுடையது.

இங்கேதான் நம் காது வேறு மாதிரி பழகியிருக்கிறது. 70களிலும் 80களிலும் சென்னையில் பதிந்த பாட்டுகளை ஹெட்ஃபோனில் கேளுங்கள். வயலின்கள் முகத்துக்கு முன்னால் நிற்கும். வில் கம்பியைப் பிடிக்கும் சொரசொரப்புகூடக் கேட்கும். எதிரொலி கொஞ்சம்தான், அதுவும் பெரும்பாலும் பிறகு சேர்த்தது. பிரசாத் ஸ்டுடியோவில் இளையராஜா எழுதிக்கொடுத்த நொட்டேஷனை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த ஒலி அது. கீழே தபேலாவும் டிரம்ஸும் ஓடுகின்றன, மேலே குரல் வர வேண்டும். நடுவில் ஸ்ட்ரிங்ஸ் குளம் கட்டி நின்றால் பாட்டு கெட்டுவிடும். அதனால் அங்கே வறட்சி ஒரு குறையே இல்லை.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 1986-இல் வந்தது, தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பித்தது, வி. எஸ். நரசிம்மனின் வயலினை அதில் கேட்கலாம். அடுத்து 2005-இல் வந்த 'திருவாசகம்', புடாபெஸ்ட் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. எழுதிய கை ஒன்றுதான். அறை வேறு, ஊர் வேறு. முதலாவதில் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துத் தொடரலாம். இரண்டாவதில் வரிகள் கலந்து ஒரு பெரிய ஒலியாக எழும்பி வரும். உங்கள் பாட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இதைச் செய்யாமல் விமர்சன வீடியோக்களை ராத்திரி முழுக்கப் பார்ப்பதில் பயனில்லை. அந்த வீடியோக்களில் வாசித்துக் காட்டுவது எல்லாமே மெதுவான, நீளமான, சோகமான ஸ்ட்ரிங்ஸ். அப்படி வாசித்தால் எந்த லைப்ரரியும் அழகாகத்தான் இருக்கும். உங்கள் பாட்டில் பறை அடிக்கும்போது அது என்ன ஆகிறது என்று யாரும் காட்டுவதில்லை.

எதிரொலி இல்லாத, காய்ந்த பதிவை ஈரமாக்கலாம். ரிவர்ப் என்ற செயற்கை எதிரொலி போட்டால் போதும். ஈரமான பதிவைக் காய வைக்க முடியாது. கூரையில் சுற்றிய ஒலி அந்த சாம்பிளுக்குள்ளேயே இருக்கிறது, பிரித்தெடுக்க வராது. பக்கத்து மைக்கைத் தனியாகத் தரும் லைப்ரரி என்றால் ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் அந்த வசதி பெரும்பாலும் விலை கூடிய பதிப்பில்தான் இருக்கும். வேகமான தாளத்தில் பாட்டு போடுகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெயர். ஸ்பிட்ஃபயர் 2019-இல் பிபிசி சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவை முழுசாகப் பதிந்து ஒரு லைப்ரரி வெளியிட்டது. பதிந்த இடம் லண்டனின் மெய்டா வேல் ஸ்டுடியோ. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சக்கரச் சறுக்கு மைதானமாகக் கட்டிய கட்டடம். 1934-இலிருந்து பிபிசியிடம் இருந்தது, 2023-இல் விற்றுவிட்டார்கள். தேவாலயக் கூரை அளவுக்கு எதிரொலிக்காது. நம் வேலைக்கு அது நடுத்தரமான அறை. இதன் பெரிய பதிப்பு அறுநூறு ஜிபிக்கு மேல். இருபது விதமான மைக், கலவைச் சிக்னல்கள். அதைத் தொடாதீர்கள். இதிலேயே டிஸ்கவர் என்று ஒரு சின்னப் பதிப்பு இருக்கிறது, சில நூறு எம்பிதான், இலவசம். அதே ஆர்கெஸ்ட்ரா, அதே அறை. நுணுக்கம் மட்டும் குறைவு. அதை இறக்கிக்கொள்ளுங்கள். எட்டு ஜிபி ராம் உள்ள மடிக்கணினியில் முழு ஆர்கெஸ்ட்ராவும் உட்காரும். நாளைக்குக் காசு சேர்த்துப் பெரிய பதிப்புக்குப் போனாலும் இன்று எழுதியது வீணாகாது, அதே இசையை அங்கே திறக்கலாம்.

ட்ரினிட்டி இசைப் பரீட்சைக்குப் படித்து நொட்டேஷன் நன்றாக எழுத வருகிறவர்களுக்கு இன்னொரு வழி: மியூஸ்ஸ்கோர் என்ற நொட்டேஷன் மென்பொருள். 2022 டிசம்பரில் அதன் நான்காம் பதிப்போடு வந்த மியூஸ் சவுண்ட்ஸ் ஒலிகளும் இலவசம். நீங்கள் எழுதிய நொட்டேஷனை அதுவே வாசித்துக்காட்டும். கட்டையில் விரல் ஓடாத பிள்ளைகளுக்கு இது வரப்பிரசாதம்.

இலவசம் என்றதும் சிலர் முகம் சுருங்குவது தெரிகிறது. காசு கொடுத்து வாங்கத் தயாராக வந்திருப்பீர்கள். கொஞ்ச நாள் பொறுங்கள். இந்தச் சின்ன ஆர்கெஸ்ட்ராவில் உங்களுக்கு எது கை கொடுக்கவில்லை என்று குறித்து வையுங்கள். செல்லோவின் மெதுவான பாட்டா, வேகமான வயலின் ஓட்டமா, ஹார்னா? அந்தக் குறிப்புதான் உங்கள் வாங்கும் பட்டியல். பெரும்பாலும் ஒரே ஒரு நல்ல ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரியோடு அது முடிந்துவிடும். நவம்பர் கடைசியில் எல்லா நிறுவனமும் விலையைக் குறைக்கும். மாணவர்களுக்குத் தனிச் சலுகை தருகிறவர்களும் உண்டு. வாங்குமுன் ஒன்று கவனியுங்கள். சில லைப்ரரிகள் கான்டாக்ட் என்ற மென்பொருளின் இலவசப் பிளேயரில் ஓடும், சில முழு கான்டாக்ட் இருந்தால்தான் ஓடும். அந்த வரி விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். லைப்ரரி மலிவாக இருக்கும், அதை ஓட்டுகிற மென்பொருள் அதைவிட விலையாக இருக்கும். மேலும், பிடிக்கவில்லையென்றால் விற்றுவிடலாம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான உரிமங்களைக் கைமாற்ற முடியாது.

கிராக், அதாவது திருட்டுப் பதிப்பு பற்றி யாராவது கேட்பீர்கள். அதில் வாசித்திருப்பவர்கள் நம்மைப் போன்ற வாத்தியக்காரர்கள். நம் மும்பையிலும் சென்னையிலும் செஷனுக்குப் போய்க் குடும்பம் நடத்திய எத்தனையோ வயலின்காரர்களின் வேலையைக் கீபோர்டு எடுத்துக்கொண்டது என்பது இங்கிருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். மிச்சமிருக்கும் கூலியையும் திருட வேண்டாம். இலவசமாகவே இவ்வளவு கிடைக்கும் காலத்தில் அதற்குத் தேவையும் இல்லை.

லைப்ரரி வந்துவிட்டது. இனிமேல்தான் விஷயமே. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் வயலின் பேட்சைத் திறந்து இரண்டு கையாலும் ஒரு கார்டு அமுக்குவார்கள். பிரமாதமாக இருக்கும். என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிபிசி லைப்ரரியில் முதல் வயலின் என்பது பதினாறு பேர். ஒரு கட்டைக்குப் பதினாறு பேர். மூன்று சுரம் சேர்த்து அமுக்கினால் நாற்பத்தெட்டு வயலின். இரண்டு கையும் சேர்ந்தால் ஒரு படையே நிற்கும். உலகத்தில் எந்த மேடையும் தாங்காத ஆர்கெஸ்ட்ரா அது. அதனால்தான் எழுதியது ஆர்கெஸ்ட்ரா மாதிரி இல்லாமல் கீபோர்டு மாதிரியே கேட்கிறது. ஒரு வாத்தியப் பிரிவுக்கு ஒரு சுரம் என்று பிரித்து எழுதுங்கள்: முதல் வயலினுக்கு ஒன்று, இரண்டாம் வயலினுக்கு ஒன்று, வயோலாவுக்கு, செல்லோவுக்கு, டபுள் பேஸுக்கு ஒவ்வொன்று. பிபிசி லைப்ரரியில் 16, 14, 12, 10, 8 என்று இறங்கும் எண்ணிக்கைக்குக் காரணம் இருக்கிறது. அடிக்குரலுக்கு அதிகம் பேர் தேவையில்லை.

எல்லையும் அப்படித்தான். வயலினின் கீழ்க் கம்பி நடு சி-க்குக் கீழுள்ள ஜி. அதற்குக் கீழே வயலினே இல்லை. நல்ல லைப்ரரி அங்கே மௌனமாகிவிடும், சில மலிவானவை இழுத்து நீட்டி ஏதோ ஒன்றைத் தரும். டிரம்பெட்காரருக்கு மூச்சு வேண்டும், சாம்பிளுக்கு வேண்டாம். எட்டு பார் விடாமல் பிடித்தாலும் கணினி முகம் சிவக்காது. நீங்கள்தான் அவருக்காக மூச்சு விட்டு எழுத வேண்டும். இதையெல்லாம் சொல்லித்தரும் புத்தகம் ரிம்ஸ்கி-கோர்சகோவ் எழுதியது, அவர் இறந்தபின் 1913-இல் வெளிவந்தது. காப்புரிமை தீர்ந்துவிட்டதால் இலவசமாகவே கிடைக்கும். பழைய மேதைகளின் நொட்டேஷன்களும் அப்படியே. க்ரீக் எழுதிய 'பியர் கின்ட்' தொகுப்பில் 'காலைப் பொழுது' என்ற துண்டை எடுத்து, ஒவ்வொரு வரியாக உங்கள் லைப்ரரியில் வாசித்து ஏற்றுங்கள். சொந்தப் பாட்டு பத்துப் போடுவதைவிட அந்த ஒன்றில் அதிகம் கற்பீர்கள்.

வாசிக்கும்போது இடது கை சும்மா இருக்கக் கூடாது. மாட் வீல் என்று கீபோர்டின் ஓரத்தில் ஒரு சக்கரம் இருக்கிறதே, ஆர்கெஸ்ட்ரா லைப்ரரியில் உயிர் அதில்தான். கட்டையை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் நீளமான சுரத்தில் பெரிதாக ஒன்றும் மாறாது. வாத்தியக்காரர்கள் மெதுவாக வாசித்த பதிவிலிருந்து உரக்க வாசித்த பதிவுக்கு அந்தச் சக்கரம்தான் ஏற்றி இறக்குகிறது. வில் போகிற மாதிரி அது போக வேண்டும். சக்கரம் இல்லாத கீபோர்டை வாங்கியவர்கள் அதை மாற்றிக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த லைப்ரரி பிறகு ஆகட்டும்.

காசு செலவழித்தே தீருவேன் என்றால், ஒரு டிக்கெட் வாங்குங்கள். நரிமன் பாயின்ட்டில் என்சிபிஏ கலை மையத்தில் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இருக்கிறது, 2006-இல் தொடங்கியது. சான்பாடாவில் ஹார்பர் லைன் ஏறினால் சிஎஸ்எம்டி, அங்கிருந்து ஒரு பஸ். லண்டனுக்கும் வியன்னாவுக்கும் போகாமலே ஒரு நிஜ ஆர்கெஸ்ட்ரா நிஜ அரங்கில் எப்படி ஒலிக்கிறது என்று கேட்கக் கிடைத்த ஊர் இது. கண்ணையும் மூடாதீர்கள். ஹார்ன்காரர் எப்போது கருவியை மடியில் வைக்கிறார், டிம்பனிக்காரர் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறார் என்று பாருங்கள். ஆர்கெஸ்ட்ராவில் பாதிப் பேர் பாதி நேரம் வாசிப்பதில்லை.

ராகத்துக்கு வருகிறேன், உங்களில் பலர் அதற்காகவே வந்திருப்பீர்கள். ஆர்கெஸ்ட்ராவில் ராகம் எழுதும் ஆசை மும்பைக்குப் புதிதல்ல. கோவாவிலிருந்து வந்த வயலின் மேதை ஆன்டனி கோன்சால்வ்ஸ், இசையமைப்பாளர் பியாரேலாலுக்கு வயலின் கற்றுக்கொடுத்தவர், 1958-இல் இங்கே ஓர் ஆர்கெஸ்ட்ராவைத் திரட்டினார். ராகங்களை வைத்துத் தானே எழுதியவற்றை அதில் வாசிக்க வைத்தார். லதா மங்கேஷ்கரும் மன்னா டேயும் பாடினார்கள். 1977-இல் 'அமர் அக்பர் ஆன்டனி' பாட்டில் அமிதாப் முட்டைக்குள்ளிருந்து வெளியே வந்து சொல்வது இவர் பெயரைத்தான். பாட்டு நாடெல்லாம் ஓடியது. அந்தப் பெயர் யாருடையது என்று தெரிந்தவர்கள் குறைவு.

அவரிடம் இருந்தவர்கள் மனிதர்கள். வளைக்கச் சொன்னால் வளைப்பார்கள். லைப்ரரியில் இருப்பது பன்னிரண்டு நிலைச் சுரங்களுக்கு இடையே பதிந்த பாதைகள் மட்டும். தோடியின் காந்தாரம் அந்தப் பாதைகளில் எதிலும் இல்லை. சுருதியை மாற்றும் பிட்ச் வீலைப் பிடித்து வளைத்தால், பதினாறு வயலின்காரர்களும், அவர்கள் உட்கார்ந்திருக்கும் அறையும் சேர்ந்து வளையும். மெய்டா வேல் சுவரே ஆடுவது போல் இருக்கும். எந்த விலை கொடுத்தும் இதற்கு மேற்கத்திய லைப்ரரியில் மருந்து கிடையாது.

மருந்து பக்கத்துத் தெருவில் இருக்கிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கர்நாடக வயலின் கற்றுத்தருகிற ஆசிரியர்களும் அவர்களிடம் வருஷக்கணக்கில் படித்த பிள்ளைகளும் எத்தனை பேர்! அசையாத சுரங்களை லைப்ரரியிடம் கொடுங்கள். அசைகிற வரியை ஒரு மனிதரிடம் கொடுங்கள். சென்னையில் சினிமா வேலையிலும் இது நடப்பதுதான். சாம்பிள் ஸ்ட்ரிங்ஸுக்கு மேலே ஓரிரு வாத்தியங்களை லைவாக எடுத்துப் போடுவார்கள். காது அந்த வில்லைப் பின்தொடரும், கீழே இருப்பது கணினி என்று கவனிக்காது. பெரிய லைப்ரரிக்கு வைத்திருந்த காசை அந்தத் தங்கைக்கோ தம்பிக்கோ சம்பளமாகக் கொடுங்கள். நட்புக்காக வாசி என்று கேட்காதீர்கள். சுரத்தை எழுதிக் கொடுங்கள், சுருதி என்ன, தாளம் என்ன, எங்கே நிறுத்த வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்; ஆர்கெஸ்ட்ரா சுருதிக்கு அவர் கம்பியைக் கூட்டிக்கொள்ள நேரம் வேண்டும்.

ராப் பாடுகிற தாராவித் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. 2018-இல் 'காலா' படப் பாட்டுகளில் உங்கள் ஊர் டோபடெலிக்ஸ் குழுவின் குரல் ஒலித்தது. உங்கள் பாட்டுக்குப் பெரும்பாலும் நாலு பார் ஸ்ட்ரிங்ஸும் ஓர் அடியும் போதும். முழு ஆர்கெஸ்ட்ராவை இறக்கி இடத்தை அடைக்க வேண்டாம்.

அந்த வயலினை லைவாக எடுத்ததும் மறுபடி அறைக்கு வந்து நிற்போம். உங்கள் படுக்கையறையில் பதிந்த வயலின் காய்ந்திருக்கும். லைப்ரரிக்கு லண்டன் சுவர் இருக்கும். இரண்டையும் அப்படியே சேர்த்தால், ஒருவர் ஜன்னலுக்கு வெளியே நின்று வாசிப்பது போல் இருக்கும். வயலினுக்கு ரிவர்ப் போட்டு, லைப்ரரியின் ஒலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறதோ அவ்வளவு நேரத்தில் இதுவும் அடங்கும்படி வையுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்தி, வால் மட்டும் ஒன்றாக மறைகிறதா என்று கேளுங்கள். ஒன்றாக மறைந்தால் இருவரும் ஒரே அறைக்குள் வந்துவிட்டார்கள். பதியும்போது பீரோவைத் திறந்து துணிகளுக்கு முன்னால் மைக்கை வையுங்கள், ஃபேனை நிறுத்துங்கள். சான்பாடாக்காரர்கள் கடைசி லோக்கல் போகும்வரை காத்திருக்கலாம், சொசைட்டி செயலாளர் ஒத்துக்கொண்டால்.

ஹெட்ஃபோனா ஸ்பீக்கரா, மேக்கா விண்டோஸா என்று சீட்டுகள் மேடைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. டீ குடித்துவிட்டு வாருங்கள், அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.